எட்டு மைக் மிக்சரும் இரவல் நெல் மூட்டைகளும்

துணுக்காய்,
சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் நிருஷனுக்கு,

இன்று விடிந்ததும், முகம்கூடக் கழுவாமல், நான் செய்த முதல் வேலை உன் ட்றம்ஸ் செட்டில் பெரிய ட்றம்மைக் காலால் அடிக்கிற பெடலைக் கழற்றி, பழைய துவாய் ஒன்றில் சுற்றி, குசினியில் இருக்கிற அரிசி வாளிக்குள் புதைத்து, மேலே அரிசியைச் சமப்படுத்தி மூடியதுதான். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினேன். ஏன் என்று இப்போதே கேட்காதே, எழுதிக்கொண்டு போகும்போது அது தானாக வரும், சுகம் விசாரிக்காமல் தொடங்கினால் கடிதம் கடிதமாக இருக்காது. இங்கே நானும் அப்பாவும் ஜிம்மியும் சுகம், தண்ணீர் மோட்டருக்குத்தான் கொஞ்சம் இழுப்பு, காலையில் தொடங்கும்போது கிழவர் இருமுவதுபோல இருமுகிறது. நீ அங்கே ரொறன்ரோவில் காதை மூடித் தொப்பி போட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த நிலக்கீழ் அறையின் ஈரம் நெஞ்சில் ஏறாமல் நலமாய் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். நம்பிக்கைக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை, வீடியோவில் உன் முகத்துக்குப் பின்னால் தெரிகிற உடுப்புக் குவியலைத்தான் பார்க்கிறேன்.

கையிலே தொலைபேசி இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். இந்த வீட்டில் தொலைபேசி என்பது அப்பா ஸ்பீக்கரில் போட்டு, முற்றத்தின் நடுவில் நின்று, கனடாவுக்குக் காற்றிலேயே கேட்கட்டும் என்பதுபோலக் கதைக்கிற சாமான். நீ இருமினால் பக்கத்து வளவில் இருந்து கைமருந்து சொல்கிறார்கள். இது எனக்கும் உனக்கும் மட்டுமான கதை. என்னோடு அலுவலகத்தில் வேலை செய்கிற நேசமலரின் தமக்கை லீவு முடிந்து உன் ஊருக்குத் திரும்புகிறா, அவவின் பெட்டிக்குள் உனக்கு மிளகாய்த் தூள் பார்சல் வருகிறது, அதற்குள்தான் இந்தக் கடிதமும் வருகிறது. ஆகவே வாசிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் அம்மாவின் எழுத்து உருக்கிவிட்டது என்று எண்ணிவிடாதே, கையைக் கழுவிவிட்டு வா.

விடயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சி அப்புத்துரை அண்ணை உன் ட்றம்ஸை ஏற்றிக்கொண்டு போக வாகனத்தோடு வருகிறார். நீதான் சொன்னாய், பாட்டுக்குப் பதிவு முடிந்ததும் விற்றுவிடுங்கோ, சும்மா கிடந்து இடத்தை அடைக்குது என்று. சொன்னதில் பிழை இல்லை. நீ போன நாள் முதல் அது நெல் அறையில் என் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு நின்றது, வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் அப்பா பொடியன்ரை சாமான் என்பார், அவர்களும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வேறு கதை கதைப்பார்கள். அப்படியே போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு பக்கம் பிடித்து வாகனத்தில் ஏற்றியிருப்பேன். ஆனால் நீ பாட்டுப் பதிய ஒரு மிக்சரைப் பார்க்கச் சொன்னாய் பார், அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

தை மாதம் நீ எடுத்துச் சொன்னபோது எனக்கு அரைவாசிதான் விளங்கியது. நீங்கள் நண்பர்கள் சேர்ந்து முதல் பாட்டுச் செய்கிறீர்கள், அங்கே வீட்டுக்காரன் நிலக்கீழ் அறையில் ட்றம்ஸ் அடிக்க விடமாட்டான், ஆகவே இங்கே உன் செட்டிலேயே உன்னோடு படித்த நிரஞ்சன் அடிக்க, நாங்கள் பதிந்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ட்றம்முக்கும் ஒரு மைக், ஒவ்வொரு மைக்கும் தனித்தனி வழியால் லப்டொப்புக்குள் போகவேண்டும், அப்போதுதான் அங்கே இருக்கிற உன் கூட்டாளி ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து அழகாக்கலாம், அதற்கு ஏற்ற மிக்சர் ஒன்று மலிவாய்ப் பார்த்து வாங்குங்கோ, காசு அனுப்புகிறேன் என்றாய். அப்பா உன்னிடம் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வெளிநாட்டுக் காசில் மேளம் வாங்கி அடித்தார்கள் என்ற பேச்சு எங்களுக்கு வேண்டாமாம். மலிவு என்ற சொல்லை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்.

முதலாவதாக வந்தது அப்புத்துரை அண்ணையின் மிக்சர். அவர் கல்யாண வீடுகளுக்கும் கோவில்களுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர், ஒரு இசைக்குழுவும் வைத்திருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். இரவலாகத் தந்துதவினார். அது உழவு இயந்திரப் பெட்டியில் வந்தது, இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள், வைத்தால் பிள்ளை ஒன்று படுக்கலாம். "தம்பி சுகிர்தன், இதிலை இருவத்திநாலு ஓட்டை இருக்கு, நீ ஊரையே பதியலாம்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அந்த ஓட்டைகளைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும், என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படிப் பார்க்கவில்லை. செருகக்கூடியதை எல்லாம் செருகி, பதிந்து, உனக்கு அனுப்பினோம். உள்ளே எத்தனை மைக் போனாலும் வெளியே வருவது இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று, அவ்வளவுதான், அது பந்தலில் சத்தம் போடச் செய்த சாமான் என்பது எங்களுக்குத் தெரியாது. நீ உடனே எடுத்து, "அப்பா, சாம்பாரை அனுப்பிப்போட்டு அதிலை இருக்கிற மரக்கறியைத் தனித்தனியா எடு எண்டுறியள்" என்றாய். அப்பா அதற்குக் கோபிக்கவில்லை, ஆனால் அன்றைக்குச் சாம்பாரைத் தொடவில்லை.

அதோடு அந்தப் பதிவு முழுக்க ஒரு இரைச்சல். பிரிட்ஜ் தொடங்குகிற நேரமெல்லாம் மிக்சர் ம் என்று முனகுகிறது என்று கண்டுபிடித்து அப்பா பிரிட்ஜின் வயரைக் கழற்றினார், கழற்றியதைத் திரும்பப் பூட்ட மறந்துவிட்டார். முள்ளிவாய்க்கால் பக்கம் இருந்து வருகிற மீன்காரரிடம் அன்றுதான் நல்ல பாரை மீன் வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பதிவால் பயன் பெற்ற ஒரே ஆள் ஜிம்மி, இரண்டு நாள் அவனுடைய வால் நிற்கவில்லை.

இரண்டாவது மிக்சரை நான் கொண்டுவந்தேன். நேசமலர் தன் வேதக் கோவில் பாடகர் குழுவின் மிக்சரைக் குருத்து ஞாயிறுக்கு முதல் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தாள். தோசைக்கல் அளவு, என் கைப்பைக்குள் பஸ்ஸில் வந்தது. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன பொட்டுப் பெட்டியோ என்று கேட்டார். நாலு மைக்தான் பூட்டலாம். ஒன்றைப் பெரிய ட்றம்முக்குள்ளும் ஒன்றை ஸ்நேர் என்கிற சின்ன ட்றம்முக்குப் பக்கத்திலும் வைத்து, மற்ற இரண்டையும் வாழைக்குலை தூக்குகிற கயிற்றால் கூரை வளையில் கட்டித் தலைக்கு மேலே தொங்கவிட்டோம். எனக்கு அதுதான் பிடித்தது, அடிக்கிற ஆளின் காதுக்கு என்ன கேட்கிறதோ அதேதான் பதிவிலும் வந்தது. ஆனால் அதுவும் கடைசியில் இரண்டு வழிதான் என்று நீயும் வேண்டாம் என்றாய், அதில் திருகுகிற குமிழ் காணாது என்று அப்பாவும் வேண்டாம் என்றார், கேட்காமலே குருத்து ஞாயிறும் வந்துவிட்டது.

அப்போது அடித்தது யார் என்று நீ கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. மிக்சர் ஒன்றைப் பார்ப்பது என்றால் ஒருவர் அடிக்க வேண்டும், ஒருவர் குமிழைத் திருக வேண்டும். நிரஞ்சன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவான். குமிழ்ப் பக்கம் அப்பா. மிச்சம் இருப்பது நானும் ஜிம்மியும். அலுவலகத்தில் இருந்து வந்து, கைப்பையை சிம்பல் தட்டின் தண்டில் கொழுவிவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உன் முக்காலியில் இருந்துவிடுவேன். அப்பா மிக்சருக்கு முன்னால் வாய்க்கால் தகராறு தீர்க்கிறவர்போல இருப்பார். "கௌசலா, ஸ்நேரை அடியும்." அடிப்பேன். "இன்னும் கொஞ்சம் பலமா." அடிப்பேன். "நிப்பாட்டச் சொன்னனானோ, அடியும்." சரி என்று அடித்துக்கொண்டே இருப்பேன், அவர் குமிழைத் திருகி, கையேட்டைப் பார்த்து, யூரியூப்பில் ஒருவனைக் கேட்டு, திரும்பவும் திருகுவார். ஒரே இடத்தில் ஒரே மாதிரி எவ்வளவு நேரம்தான் அடிப்பது, நான் இடையில் காலையும் போட்டுப் பார்த்தேன். பிறகு மேலே நிற்கிற சிம்பல் தட்டைத் தொட்டுப் பார்த்தேன். அதைத் தொட்டால் ஜிம்மி சரியாக அந்த அடியிலேயே ஊளையிடுகிறான், அவனுக்காகவே சில தடவை தொட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரஞ்சன் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, தடியை இப்படி இறுக்கிப் பிடிக்காதேங்கோ, அது பறக்கப்போற குருவி இல்லை என்று சொல்லிப் பிடிக்கக் காட்டினான். நீ அனுப்பிய ட்றம்ஸ் இல்லாத பாட்டைக் காதில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகத் தொடங்கினேன். மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டிதான் ஸ்நேர். பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி வேறு இடம் பார்த்தார்கள், அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

உன் அம்மாவை உனக்குத் தெரியும். பட்டம் எடுத்தேன், அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை எடுத்தேன், அடக்கமாகக் கதைக்கிறவள் என்று பெயரும் எடுத்தேன். கூட்டங்களில் என் முறை வரும்போது தேநீர் வந்துவிடும், நானும் பரவாயில்லை என்று கையில் இருக்கிற பைலை மூடிவிடுவேன். அப்படி மூடியதெல்லாம் எங்கே போனது என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது சொல்கிறேன், எல்லாம் மணிக்கட்டில்தான் இருந்திருக்கிறது. ஒரு நாள் கூட்டத்தில் நான் தயாரித்த திட்டத்தை இன்னொருவர் தன்னுடையதுபோல வாசித்தார், நானும் சேர்ந்து கைதட்டினேன். அன்று பின்னேரம் அப்பா ஸ்நேரை ஒருக்கா அடியும் என்று கேட்டார். அடித்தேன். மிக்சரில் இருந்த சிவப்பு லைட் எல்லாம் ஒன்றாக எரிந்தன, அப்பா பயந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

இதற்கிடையில் அப்பா மிக்சர் அறிஞர் ஆகிவிட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் சனல் கதைதான். ஒரு செத்த வீட்டில், பாண்ட் அடிக்க வந்த பெடியனைப் பிடித்து, மைக்கை ட்றம்மில் இருந்து எவ்வளவு தள்ளி வைக்கவேண்டும் என்று நீண்ட நேரம் விளக்கினார். அந்தப் பெடியன் மைக் ஒன்றும் கொண்டுவந்திருக்கவில்லை, ஓம் ஐயா ஓம் ஐயா என்று கேட்டுக்கொண்டு நின்றான், பாவம். பெரிய ட்றம்முக்குள் தலையணை வைத்தால் சத்தம் திரளும் என்று நீ சொன்னதை அவர் எப்படி நிறைவேற்றினார் தெரியுமா, என் தலையணையை வைத்தார். அன்று முதல் நான் சேலையை மடித்துத்தான் தலைக்கு வைக்கிறேன். அவருடைய தலையணை கட்டிலிலேயே இருக்கிறது, அது இதற்கு ஏற்ற தடிப்பு இல்லையாம்.

கடைசியில் வவுனியாவில் ஒருவர் தன் பதிவுக்கூடத்தை மூடுகிறார் என்று பேஸ்புக்கில் கண்டு, ஏற்கெனவே பாவித்ததை மலிவாய்ப் பேசி, அப்பா சரியான சாமானைப் பிடித்துவிட்டார் என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எட்டு மைக், எட்டுக்கும் எட்டுத் தனி வழி, ஒரே வயரால் லப்டொப்புக்குள். எனக்கு ஒன்றும் சொல்லாமல், ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று, நான் அலுவலகத்தில் இருந்த நேரம் போய், பஸ்ஸில் அதை மடியில் வைத்துப் பச்சைப் பிள்ளையைப்போலக் கொண்டுவந்தார். நான் வரும்போது அதன் நெற்றியில், அதாவது நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், சந்தனப் பொட்டு. ஊதுபத்தியும் கொளுத்தியாகிவிட்டது. அப்பாவின் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். சரி என்று கைப்பையைக் கொழுவி, முக்காலியில் இருந்து ஸ்நேரை அடித்தேன். அது என் ஸ்நேர் இல்லை. டங் என்று எழும்பி, சுவர் சுவராகப் போய், கூரையில் முட்டி, எனக்கே திரும்பி வந்தது. பெரிய ட்றம்மை அடித்தால் தண்ணீர்த் தாங்கிக்குள் யாரோ விழுந்த சத்தம். அப்பா வவுனியாக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். பதிந்து உனக்கு அனுப்பினோம், நீ கேட்டுவிட்டு, "என்னம்மா, நெல் அறையிலைதானே அடிச்சனீங்கள், இது கிணத்துக்குள்ளை அடிச்ச மாதிரிக் கிடக்கு" என்றாய்.

நெல் அறை என்று நீ சொன்ன பிறகுதான் நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். நெல் இல்லை. மாசியில் வெட்டிக் காயவைத்து, மூட்டை கட்டி, சுவரோடு சுவராய்க் கூரை வரை அடுக்கி இருந்த காலபோக நெல் முழுவதும் இல்லை. வெறும் சுவர், மூலையில் ஒரு விளக்குமாறு. நான், "நெல் எங்கை" என்று கேட்டேன். அப்பா, "நெல்லை வித்துத்தானே இதை வாங்கினனான்" என்றார். நான் ஒருதரம் கையைத் தட்டினேன். அறையும் தட்டியது. அப்பா மிக்சரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு போய் வாசற்படியில் இருந்துவிட்டார். இரண்டு மாதமாக ஒவ்வொரு மிக்சரிலும் நாங்கள் நல்ல சத்தம் நல்ல சத்தம் என்று மெச்சியது மிக்சரை இல்லை மகன், நெல்லை. சத்தத்தைத் தின்றுகொண்டிருந்த மூட்டைகளை விற்று, சத்தத்தைப் பிடிக்கிற பெட்டியை வாங்கி வந்திருக்கிறார் உன் அப்பா. இப்படி ஒரு வியாபாரம் வேறு எந்த வீட்டிலும் நடக்காது என்று நினைக்கிறேன்.

நீ குறித்த நாளுக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. மெத்தைகளைச் சாய்த்துப் பார்த்தோம், மெத்தை நின்றால்தானே. என் சேலைகளை எல்லாம் கொடியில் போட்டுப் பார்த்தோம், ஒவ்வொரு அடிக்கும் அவை ஆடின, சத்தம் ஆடவில்லை. கடைசியில் நானே நிரஞ்சனின் வீட்டுக்குப் போனேன். அவனுடைய தகப்பன் வீரையா அண்ணை விலை ஏறட்டும் என்று தன் நெல்லை இன்னும் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு உங்கள் நெல்லை இரவல் தாருங்கோ என்று கேட்டேன். எத்தனையோ சாமான் இரவல் கேட்டு வந்திருக்கிறார்கள், மண்வெட்டி, மருந்தடிக்கிற மெசின், ஒருதரம் பசுமாடுகூட, நெல்லைக் கேட்டுத் திருப்பித் தருகிறோம் என்று யாரும் வரவில்லை என்று சொல்லிச் சிரித்தார். அவர் உடனே ஓம் என்றார், நிரஞ்சனின் தாய் ராக்காயி அக்காதான் யோசித்தா. "மிஸ், ஒங்க வீட்டுக்காரரு ஒங்க நெல்லையே ஒங்களுக்குத் தெரியாம வித்தவரு. எங்க நெல்லு அங்க வந்தா நானும் கூட வருவேன்." நியாயமான கதை, வாருங்கோ என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உழவு இயந்திரத்தில் நெல் மூட்டைகள் வந்து இறங்கின, அவற்றின் மேல் குடையும் வெற்றிலைப் பையுமாக ராக்காயி அக்கா வந்து இறங்கினா. சுவரோடு அடுக்கி முடித்ததும் கையைத் தட்டினேன், அறை வாயை மூடிக்கொண்டது. ஜிம்மியைக் குளியலறைக்குள் விட்டு அடைத்தோம். ராக்காயி அக்காவை வெளியே இருக்கச் சொல்ல யாருக்கும் துணிவில்லை, அவ ஒரு மூட்டையின் மேல் ஏறிக் கால் நீட்டி இருந்துவிட்டா. நிரஞ்சன் பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு வரப் பிந்தியது. அப்பா எட்டு மைக்கையும் சரிபார்க்க வேண்டும், தனித்தனியாக அடித்தால் காணாது, பாட்டு முழுக்க எங்கே கூடும் எங்கே குறையும் என்று தெரியவேண்டும், முழுப் பாட்டுக்கும் அடியும் என்றார். பாட்டைக் காதில் போட்டேன். அடித்தேன். தொடக்கத்தில் இருந்து கடைசி வரை, நடுவில் உங்கள் கூட்டத்துப் பெண்பிள்ளை தனியே பாடுகிற இடத்தில் காலை நிறுத்தி, பிறகு திரும்ப எல்லோரும் வருகிற இடத்தில் ட்றம்மில் இருந்து ட்றம்முக்கு உருட்டிக்கொண்டு போய், எப்படி முடித்தேன் என்று எனக்குத் தெரியாது, முடியும்போது கொண்டை அவிழ்ந்து கிடந்தது. மூட்டையின் மேல் இருந்து ராக்காயி அக்கா, "போதும் மிஸ், நெல்லு தானா அரிசியாயிரும்" என்றா. பிறகுதான் நிரஞ்சன் வந்தான், தேத்தண்ணி குடித்தான், இரண்டு தரம் நன்றாக அடித்தான். அப்பா லப்டொப்பில் இருந்த மூன்றையும் வரிசையாக உனக்கு அனுப்பிவிட்டார். நெல் மூட்டைகள் எண்ணிப் பார்க்கப்பட்டுத் திரும்பிப் போயின.

அடுத்த நாள் நான் தேங்காய் திருவிக்கொண்டிருக்க அப்பா உன் குரல் பதிவை முற்றத்தில் போட்டார், ஊரே கேட்டது. "அம்மா, நிரஞ்சன் முதலாவதா அடிச்சதைத்தான் எடுத்திருக்கிறம், எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. அவனுக்கு ஆரோடையோ நல்ல கோபம் போலை, ஆரெண்டு கேட்டுச் சொல்லுங்கோ." தேங்காய்ப்பாதி கையிலேயே இருந்தது. அப்பா குசினி வாசலுக்கு வந்து, "பாத்தீரோ, மிக்சர் எண்டா இதுதான்" என்றார். அன்று முழுக்க அவர் பார்த்தது பச்சை லைட்டும் சிவப்பு லைட்டும் மட்டும்தான், அவற்றுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது அவருக்கு இன்றுவரை யோசனையில் வரவில்லை. நானும் ஓம், நல்ல மிக்சர்தான் என்று சொன்னேன். நீ அந்தப் பதிவை நிரஞ்சனுக்கும் அனுப்பியிருக்கிறாய். அவன் பின்னேரம் சைக்கிளில் வந்து கேற்றடியில் நின்று, "அன்ரி, நான் அந்த இடத்திலை அப்பிடி உருட்டேல்லையே" என்றான். பிறகு கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நின்றுவிட்டு, நான் சொல்லும் வரை தான் வாய் திறப்பதில்லை என்றும், ஆனால் தனக்கு யாரோடும் கோபம் இல்லை என்பதை மட்டும் உனக்கு அறிவிக்கும்படியும் கேட்டுக்கொண்டான். அறிவித்துவிட்டேன்.

ஆகவே மகன், உங்கள் பாட்டில் ட்றம்ஸ் அடித்தது உன் அம்மா. நம்பாவிட்டால் பதிவின் கடைசியைக் கேட்டுப் பார், ராக்காயி அக்காவின் குரல் இருக்கும், மிஸ் என்று அவ நிரஞ்சனைக் கூப்பிடமாட்டா. அந்தக் குரலை வெட்டாதே, அவவின் நெல் இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. கோபம் யாரோடு என்று கேட்டாய், யோசித்துப் பார்த்தேன். நெல்லை விற்றவரோடு கொஞ்சம், என் தலையணையை எடுத்தவரோடு கொஞ்சம், அது இரண்டும் ஒரே ஆள். கூட்டத்தில் என் திட்டத்தை வாசித்தவரோடு கொஞ்சம், அன்று கைதட்டிய என்னோடு அதைவிடக் கொஞ்சம் கூட. மிச்சம் எல்லாம் கோபம் இல்லை, அது சந்தோசம், தூரத்தில் இருந்து கேட்டால் இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும்போல இருக்கிறது.

வெளியே அப்பா மோட்டரோடு சண்டை பிடிக்கிற சத்தம் கேட்கிறது, முடிக்க வேண்டும். மிளகாய்த் தூளை ஈரக் கரண்டியால் எடுக்காதே. இரவு வேலை என்றால் பகலில் யன்னலை மூடிக்கொண்டு வடிவாக நித்திரை கொள். உடுப்பை மடித்து வை, அடுத்த வீடியோவில் சுவர் தெரிய வேண்டும். உன் கூட்டாளிகளுக்கும் அந்தப் பாடுகிற பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்லு, அந்தப் பிள்ளை மூச்சு எடுக்கிற இடம் எனக்கு இப்போது மனப்பாடம். பிள்ளையார் உன்னோடு கூட நிற்பார், நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி வரும், நீயும் உன் பாட்டும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இனி அந்தப் பெடல். அப்புத்துரை அண்ணையின் குழுவில் ட்றம்ஸ் அடித்த பெடியன் பிரான்சுக்குப் போகிறான், செட்டையும் கொண்டுபோகிறான். ஆகவே அவர் ஞாயிற்றுக்கிழமை உன் செட்டை வாங்கிக்கொண்டு, பிறகு ஒரு ஆளைத் தேடலாம் என்ற யோசனையில் இருக்கிறார். இதை நான் அப்பாவிடமும் சொல்லவில்லை, நேசமலரிடமும் சொல்லவில்லை, நிரஞ்சனிடமும் சொல்லவில்லை, நீதான் முதல் ஆள், அதுவும் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஞாயிற்றுக்கிழமை எப்போதோ கழிந்திருக்கும், ஆகவே இது உன்னிடம் கேட்பது இல்லை, சொல்வது. அவருக்கு நல்ல தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கதிரையில் இருத்தி, செட்டைத் தனியாகத் தரமாட்டேன், அடிக்கிற ஆளோடு சேர்த்துத்தான் தருவேன், கல்யாண வீடுகள் அனேகமாக லீவு நாட்களில்தானே வருகின்றன என்று சொல்லப்போகிறேன். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். பெடல் அரிசிக்குள் இருக்கிறது.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா கௌசலா,
ட்றம்ஸ்.